ஒருவகைப் பறவை

1

"செத்துப்போன பிராணிகளைப் பார்ப்பதற்கா ஐயா ஒரு முழுநாளை வீணாக்கினீர்கள்?" என்று துறையில் உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார். கருத்தரங்கு ஒன்றை முன்னிட்டு இங்கிலாந்து சென்றிருந்தபோது எனக்குக் கிடைத்த ஒரே ஓய்வுநாளை ஆக்ஸ்ஃபோர்டில் கழித்தேன். உலகப் புகழ்பெற்ற போட்லியன் நூலகம் இருக்கும் ஊரில், தமிழாசிரியன் ஒருவன் பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நான்கு மணிநேரம் நின்றுகொண்டிருந்தான் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "நமக்கு அங்கே என்ன வேலை?" என்பது அவருடைய அடுத்த கேள்வி.

இக்கட்டுரை அந்த அடுத்த கேள்விக்கான எதிர்வினை. நமக்கு அங்கேதான் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் விட்டதால்தான் தமிழ்த்துறைகளில் சங்க இலக்கியம் வெறும் சொற்குவியலாகச் சுருங்கி வருகிறது என்பது என் கட்சி. நண்பரை இங்கே குறிவைக்கவில்லை. அவரும் நானும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு மேலே செல்கிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டுக்கு நான் போனது அருங்காட்சியகத்துக்காக அல்ல. ஜி.யு. போப் அவர்களின் கல்லறையைக் காண்பதற்காக. திருக்குறளை 1886-லும் திருவாசகத்தை 1900-லும் ஆங்கிலத்தில் தந்தவர், அப்பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், 1908-ல் மறைந்து அவ்வூரிலேயே புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். தம் கல்லறையில் தம்மை ஒரு தமிழ் மாணவன் என்று பொறிக்கச் சொன்னார் என்ற செய்தியை நம் மேடைகளில் கேட்டு வளராதவர் இல்லை. இருபது ஆண்டுகளாக முதலாமாண்டு மாணவர்களுக்கு அதை நானும் சொல்லி வந்திருக்கிறேன். சொல்லும்போது குரல் தழுதழுக்கும், மாணவர்களும் நெகிழ்வார்கள்.

கல்லறையில் அந்த வாசகம் இல்லை. கல்லை அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் நிறுவினார்கள் என்றும், கீழை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் ஆற்றிய வாழ்நாள் பணியைப் பாராட்டி வைத்தார்கள் என்றும்தான் அதில் இருக்கிறது. இது ஒன்றும் குறைவான பெருமை அல்ல. தமிழர்கள் கடல்கடந்து நன்றி செலுத்தியிருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய செய்தி. ஆனால் நமக்கு அது போதவில்லை, நாம் விரும்பிய வாசகத்தை நாமே பொறித்துக்கொண்டோம். கல் நூறாண்டுக்கு மேலாக அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது. அதன் நிழற்படங்கள்கூட எளிதில் கிடைக்கின்றன. நான் ஒருமுறையும் தேடிப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை. முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவனுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்ற கேள்வியோடுதான் அங்கிருந்து கிளம்பி நடந்தேன். கால்போன போக்கில் இருபது நிமிடம் நடந்து வந்து சேர்ந்த இடம், பார்க்ஸ் சாலையிலுள்ள அருங்காட்சியகம்.

2

வெளியே புல்வெளியில் மிகப்பெரிய பாதச்சுவடுகள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. அந்த வட்டாரத்துக் கல்சுரங்கம் ஒன்றில் 1997-ல் கண்டெடுக்கப்பட்ட டைனோசர் சுவடுகளின் அச்சுகள் அவை. நுழைவுக்கட்டணம் இல்லை. உள்ளே கண்ணாடிக் கூரையிட்ட பெரிய முற்றம், அதைத் தாங்கும் இரும்புத் தூண்கள், முற்றம் நிறைய எலும்புக்கூடுகள். வெளிச்சம் மேலிருந்து கொட்டுகிறது. பள்ளிப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து எலும்பை வரைந்துகொண்டிருந்தார்கள். சில காட்சிப்பொருள்களைத் தொட்டுப் பார்க்கவும் அனுமதி உண்டு.

1855-ல் அடிக்கல் நாட்டி 1860-ல் திறந்த கட்டடம். ஹென்றி ஆக்லண்ட் என்ற மருத்துவப் பேராசிரியர் போராடிக் கட்டுவித்தது. கலைவிமர்சகர் ஜான் ரஸ்கின் அவருக்குத் தோள்கொடுத்தார். இதற்கான பணத்தில் பெரும்பகுதி பல்கலைக்கழக அச்சகம் பைபிள் விற்றுச் சேர்த்த உபரியிலிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. ஆனால் என்னை நிறுத்தி வைத்தது கட்டடத்தின் வரலாறு அல்ல, அதன் தூண்கள். முற்றத்தைச் சுற்றிய நடைவழிகளில் நிற்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கல்தூண்கள் ஒவ்வொன்றும் பிரிட்டனில் கிடைக்கும் வெவ்வேறு கல்லால் ஆனவை. எந்தக் கல், எந்த இடத்திலிருந்து வந்தது என்பது தூணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தூணின் தலைப்பில் இலையும் பூவும். அயர்லாந்திலிருந்து வந்த ஓ'ஷே சகோதரர்கள் தாவரவியல் தோட்டத்திலிருந்து செடிகளை வரவழைத்து எதிரே வைத்துக்கொண்டு செதுக்கியவை அவை. மரபாகச் செதுக்கிவந்த பொதுவான இலை அல்ல. இன்ன செடியின் இலை என்று அடையாளம் சொல்லக்கூடிய இலை. பணம் தீர்ந்துபோனதால் சில வேலைகள் முடியாமலேயே நின்றுவிட்டன. முடியாததை முடியாததாகவே விட்டிருக்கிறார்கள்.

அங்கு வருபவர்கள் எல்லோரும் முதலில் தேடிப் போவது டோடோவை. மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து, 1598-ல் டச்சுக்காரர்கள் கண்ணில் பட்டு, 1660-களுக்குள் பூண்டோடு அழிந்த பறக்கவியலாப் பறவை. அதன் தலையும் ஒரு காலும் இங்கே உள்ளன. எலும்புகள் வேறிடங்களிலும் உண்டு. தோலும் தசையும் ஒட்டியிருக்கும் எச்சம் உலகில் இது ஒன்றுதான். டிரேட்ஸ்கண்ட் என்ற தோட்டக்காரக் குடும்பத்தின் சேகரிப்பில் இருந்து, 1656-ல் அச்சான அவர்களின் பொருட்பட்டியலில் இடம்பெற்று, எலியாஸ் ஆஷ்மோல் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பறவை. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்த சார்லஸ் டாட்ஜ்சன், லூயிஸ் கரோல் என்ற பெயரில் 1865-ல் வெளியிட்ட ஆலிஸ் கதையில் டோடோ ஒரு பாத்திரமானதும் இந்தத் தொடர்பால்தான்.

இதற்கும் ஒரு மேடைக்கதை உண்டு. 1755-ல் பூச்சி அரித்த பறவையைக் காவலர்கள் தீயில் எறிந்தார்கள் என்றும், நல்லுள்ளம் படைத்த ஒருவர் பாய்ந்து தலையையும் காலையும் நெருப்பிலிருந்து பிடுங்கிக் காத்தார் என்றும் ஆங்கில நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. எவ்வளவு உருக்கமான காட்சி! அது நடக்கவில்லை. உடல் உளுத்துப்போனதால் அதைக் கழித்துவிட்டுத் தேறிய உறுப்புகளை எடுத்து வைத்தார்கள், அவ்வளவே. இதை வெளியாள் எவரும் கண்டுபிடித்துக் குற்றஞ்சாட்டவில்லை. அருங்காட்சியகமே சொல்கிறது. தன் மிகச் சிறந்த கதையைத் தானே கலைத்துவிட்டு, உளுத்துப்போகவிட்டோம் என்ற சிறுமையான உண்மையை அதன் இடத்தில் வைத்திருக்கிறது.

இதோடு முடியவில்லை. 1840-களில் தலையின் தோலைப் பிரித்து ஆராய்ந்து, டோடோ கழுகும் அல்ல, தீக்கோழியும் அல்ல, புறா இனம் என்று நிறுவினார்கள். 2002-ல் அதே எச்சத்திலிருந்து மரபணு எடுத்து, இன்று உயிரோடிருக்கும் பறவைகளில் அதற்கு மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறா என்று கண்டார்கள். நம் நாட்டுத் தீவின் பெயரைத் தாங்கிய பறவை! லண்டனில் உயிரோடு காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த டோடோதான் இறந்தபின் இங்கே வந்தது என்று எல்லோரும் நம்பியிருக்க, 2018-ல் தலையை ஊடுகதிர் கொண்டு வருடியபோது மண்டையோட்டில் ஈயக் குண்டுகள் தெரிந்தன. யாரோ பின்னாலிருந்து சுட்டிருக்கிறார்கள். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பறவை தன் மரணத்தைப் பற்றிச் சாட்சி சொல்கிறது. தலையை வைத்திருந்ததால் சொன்னது.

3

இதே சேகரிப்பில் உள்ள மற்றொன்றையும் சொல்லவேண்டும். வேல்ஸ் கடற்கரையில் பாவிலண்ட் என்னுமிடத்துக் குகையில் 1823-ல் வில்லியம் பக்லண்ட் ஓர் எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தார். செங்காவி பூசிப் புதைக்கப்பட்ட உடல். ரோமானியர் காலத்துப் பெண் என்று அவர் எழுதினார். 'சிவப்புச் சீமாட்டி' என்ற பெயரும் நிலைத்துவிட்டது. பக்லண்ட் சாமானியர் அல்லர். அடுத்த ஆண்டே, 1824-ல், மெகலோசாரஸுக்குப் பெயரிட்டு, அறிவியல் முறைப்படி பெயர்பெற்ற முதல் டைனோசரை உலகுக்குத் தந்தவர். டைனோசர் என்ற சொல்லே 1842-ல்தான் வந்தது. அவ்வளவு பெரியவர் எலும்புக்கூட்டின் பாலிலும் தவறினார், காலத்திலும் தவறினார். அது ஓர் இளைஞனின் உடல். காலம் ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முன். உலகம் தோன்றியதே சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் என்று பலர் நம்பிய நாட்டில், பாதிரியாருமான ஒரு பேராசிரியர் அப்படிப் பிழைபட்டதில் வியப்பில்லை.

பக்லண்டின் கருத்து தவறு. ஆனால் எலும்பை அவர் போட்டுவிடவில்லை. எலும்பு இருந்தது, பின்வந்தவர்கள் அதை எடுத்து அவரைத் திருத்தினார்கள். ஆசிரியர் தவறினாலும் பொருள் திருத்திக்கொடுக்கும் என்ற ஏற்பாடுதான் இந்த இடத்தின் உயிர். பல்கலைக்கழகம் தனக்கென இப்படி ஒரு கட்டடத்தை வைத்திருப்பதன் பொருளும் இதுதான். கண்காட்சி அதன் முகப்பு மட்டுமே. பின்னாலுள்ள இழுப்பறைகளில் இலட்சக்கணக்கான பூச்சிகள் ஊசி குத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றன் கீழும் ஒரு சிறு சீட்டு. எங்கே கிடைத்தது, எப்போது, யார் எடுத்தது. எந்தக் கருத்தும் அந்தச் சீட்டுக்குக் கட்டுப்பட்டது.

1860 ஜூன் 30 அன்று டார்வினின் கொள்கை குறித்து ஹக்ஸ்லிக்கும் பேராயர் வில்பர்ஃபோர்ஸுக்கும் வாதம் நடந்ததும் இக்கட்டடத்தில்தான். பாட்டன் வழியிலா பாட்டி வழியிலா குரங்கு என்று பேராயர் கேட்டதாகவும், ஹக்ஸ்லி அவரை மூக்குடைத்ததாகவும் நாமெல்லாம் படித்திருக்கிறோம். அன்று சொல்லுக்குச் சொல் எழுதிவைத்தவர் எவரும் இல்லை. நாம் படிக்கும் வசனங்களில் பெரும்பாலானவை பல்லாண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டவை. டார்வின் கட்சியின் வெற்றிக்கதைக்கும் ஆதாரம் கேட்கிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். தனக்குப் பிடித்த கதையையும் சோதிப்பவன்தான் அறிவுத்துறையைச் சேர்ந்தவன். போப்பின் கல்லறையில் இல்லாத வாசகத்தை இருபதாண்டு சொல்லிவந்த நான் எந்தத் துறையைச் சேர்ந்தவன்?

4

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அன்றில் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். "அது ஒருவகைப் பறவை அம்மா, இணைபிரியாதது, ஒன்றைப் பிரிந்தால் மற்றொன்று வாழாது" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். தேர்விலும் எழுதினாள், மதிப்பெண்ணும் பெற்றாள். அவள் கேட்டது பறவையின் உருவம். நான் சொன்னது அந்தப் பறவையைப் பற்றிய பாட்டின் கருத்து. பாட்டிலிருந்து எடுத்ததையே பாட்டுக்கு விளக்கமாகத் திருப்பிக் கொடுத்தேன். அன்றில் அரிவாள்மூக்கன் இனத்தது என்று சொல்வோர் உண்டு, மறுப்போரும் உண்டு. இந்த விவாதம் நடக்கிறது என்பதைக்கூட நான் அவளுக்குச் சொல்லவில்லை, காரணம் அன்று எனக்கே தெரியாது.

'ஒருவகைப் பறவை', 'ஒருவகை மரம்', 'ஓர் பூ', 'பூண்டு விசேடம்'. அகராதிகளிலும் உரைகளிலும் இந்தச் சொற்றொடர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். உரையாசிரியர்களை நான் குறைசொல்ல வரவில்லை. ஓலைச்சுவடியை வைத்துக்கொண்டு அவர்கள் செய்தது மாபெரும் பணி. தெரியாத இடத்தில் ஓர் இடக்குறி போட்டுவிட்டுப் போனார்கள். பின்வருபவன் நிரப்பட்டும் என்று விட்ட வெற்றிடத்தை நாம் விளக்கம் என்று எடுத்துக்கொண்டோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார் என்று பெருமையோடு சொல்லாத தமிழாசிரியர் இல்லை. மனப்பாடமாக ஒப்பிப்பவர்களையும் அறிவேன். ஆனால் அதில் வரும் பயினியை, வானியை எனக்குக் காட்டத் தெரியாது. காந்தளையும் தாமரையையும் காட்டுவேன், இன்னும் சில தேறும். மற்றவை எனக்கு ஓசைகள். மேற்குமலைகளில் குறிஞ்சி 2018-ல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூப்பது, முதல்திணைக்கே பெயரானது. எங்கள் துறையிலிருந்து ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை. அந்த வாரத்தில் குறிஞ்சித்திணை பற்றிய பயிலரங்கு ஒன்று இருந்தது!

நான் படித்த கல்லூரியில் விலங்கியல் துறைக்கு ஓர் அருங்காட்சியக அறை இருந்தது. பூட்டியே இருக்கும். மதிப்பீட்டுக் குழு வரும் நாளன்று திறந்து தூசு தட்டுவார்கள். ஃபார்மலின் வற்றிப் பழுப்பேறிய புட்டிகள், ஒற்றைக் கண்ணோடு ஒரு பாடம் செய்த ஆந்தை, மை அழிந்த சீட்டுகள். யார் எங்கே பிடித்தது என்று தெரியாத பொருள் வெறும் பிணம், அதற்குச் சாட்சி மதிப்பு கிடையாது. தமிழ்த்துறை மாணவர்களான எங்களை ஐந்தாண்டுகளில் ஒருமுறையும் அவ்வறைக்கு அழைத்துச் சென்றதில்லை. அந்த ஆந்தை கூகையா, குடிஞையா, ஊமனா என்று விலங்கியலார் எங்களைக் கேட்டதும் இல்லை, நாங்கள் போய்ச் சொன்னதும் இல்லை. இரு துறைக்கும் நடுவே இருந்தது ஒரு வராந்தா மட்டுமே.

சங்க இலக்கியத்தின் பறவைகளையும் செடிகொடிகளையும் அறிவியல் பெயரோடு இனங்காண வாழ்நாளைச் செலவிட்ட பி.எல். சாமி தமிழ்த்துறைப் பேராசிரியர் அல்லர். பறவைகளைப் பற்றித் தமிழில் அழகிய உரைநடை எழுதிய மா. கிருஷ்ணனும் அல்லர். சூழலியலைத் தமிழிலக்கியத்தோடு இணைத்து எழுதிய தியடோர் பாஸ்கரன் அஞ்சல்துறை அதிகாரி. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் ராபினட் உலர்தாவரகத்தை நிறுவிய கே.எம். மாத்யூ பாதிரியார் ஒரு தாவரவியலாளர். கல்லூரி ஒன்றுக்குள்ளிருந்தே காவிரிச் சமவெளியின் தாவரங்களைத் தாள்தாளாக ஒட்டி, தமிழகத்துக் கர்நாடகப் பகுதியின் தாவரவளம் குறித்துப் பெருநூல் படைத்தவர். ஆகவே இது நம் மண்ணில் முடியாத காரியம் என்று யாரும் சொல்லவேண்டாம். முடிந்திருக்கிறது. தமிழ்த்துறைகள்தாம் அந்தப் பக்கம் போகவில்லை.

5

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். மூன்றையும் நான் கேட்டிருக்கிறேன்.

முதல் மறுப்பு, நம் முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர், அருங்காட்சியகம் நமக்குத் தேவையில்லை என்பது. அறிந்திருந்தனர் என்பதில் எனக்கும் ஐயமில்லை. அவர்கள் அறிந்ததை நாம் அறியவில்லை என்பதுதானே வழக்கு. பாட்டன் உழுத நிலத்தின் பட்டாவைக் காட்டிப் பசியாற முடியாது. மேலும், முன்னோரின் அறிவை மெய்ப்பிக்கவேண்டுமானாலும் பூவைக் கையில் கொண்டுவந்துதான் மெய்ப்பிக்கவேண்டும். சரியாகப் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டுவதற்குக்கூட நம்மிடம் பூ இல்லை.

இரண்டாவது மறுப்பு, இவையெல்லாம் காலனியக் கொள்ளை என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மழுப்பக்கூடாது. அந்த முற்றத்தின் பின்புறமாகவே பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்துக்கு வழி போகிறது. 1884-ல் நிறுவப்பட்ட மானிடவியல் சேகரிப்பு. அங்கே மனித உடல் எச்சங்களைக் காட்சிப்பொருளாக வைத்திருந்து, 2020-ல்தான் அகற்றினார்கள். அங்குள்ள தம் முன்னோரின் எச்சங்களைத் திருப்பித் தரவேண்டி நாகா மக்கள் பேசிவருகிறார்கள். அது நியாயம், தாமதமான நியாயம். பேரரசின் கப்பல்கள் இல்லாமல் இந்தச் சேகரிப்புகள் இல்லை. டோடோவைச் சுட்ட ஈயமும் அந்த வரலாற்றின் பகுதிதான். ஆனால் இந்த வாதத்தைக் கையிலெடுக்கும் நம்மவர்கள் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கொள்ளை என்று சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்ததா? பயினியை எந்த ஆங்கிலேயனும் கப்பலேற்றிக்கொண்டு போய்விடவில்லை. மலையில்தான் எங்கோ நிற்கிறது. ஆரலை ஒருவரும் திருடவில்லை. நம் ஆற்றில் இருக்கிறது, அல்லது நாம் சாயக்கழிவு விட்டதனால் இல்லை. சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியிட்ட தாவரப் படத்தொகுதிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். வெள்ளைக்காரன் புத்தகத்தில் நம் ஓவியனின் கண் இருக்கிறது. அந்தப் பெயர்களையாவது நாம் வகுப்பில் சொல்கிறோமா?

மூன்றாவது மறுப்பே வலுவானது. இலக்கிய நண்பர்களிடமிருந்து வருவது. கவிதையில் பறவை ஒரு குறியீடு, அதன் இனம் என்ன என்று கேட்பது ரசனையற்ற செயல் என்பார்கள். இதை நானும் நம்பியிருந்தேன். குறுந்தொகையில் கபிலர் பாடிய ஒரு பாட்டு, தலைவன் தன்னைக் கூடிய நாளில் அங்கே வேறு சாட்சி இல்லை, ஒரு குருகு மட்டும் இருந்தது என்று தலைவி சொல்வது. ஓடும் நீரில் ஆரல்மீனுக்காகக் காத்து நின்ற குருகு. குருகு என்றால் ஒருவகை நீர்ப்பறவை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஏதாவது ஒரு வாய்க்கால் கரையில் அரைமணிநேரம் நின்று பாருங்கள். நாரைகளில் சில, அலகை நீருக்குள் திறந்துவைத்துக் காலால் கலக்கி, அலகில் பட்டதைக் கவ்வும். அவற்றுக்குத் தொடுவுணர்வே வேட்டை. கொக்கு அப்படியல்ல. அசையாமல் நின்று கண்ணால் வேட்டையாடுவது. கழுத்தை உள்வாங்கி, நீரில் வைத்த கண்ணை எடுக்காது. பக்கத்தில் என்ன நடந்தாலும் திரும்பாது. அந்தக் குருகு கொக்கினமானால், தலைவியின் ஒரே சாட்சி அவ்வளவு நேரமும் கண்ணைத் திறந்துகொண்டே இருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. கண்ணுள்ள சாட்சி, காணாத சாட்சி. அவளுடைய அச்சம் முழுதும் அங்கே இருக்கிறது. தொட்டு இரைதேடும் பறவையானால் பாட்டின் நிறமே வேறு. இனம் கேட்பது ரசனையற்ற செயலா, அல்லது கேட்காததால் நாம் ரசனையை இழந்தோமா? உள்ளுறை உவமம் கருப்பொருளின் மேல் நிற்பது என்று தொல்காப்பியத்தை வைத்துப் பாடம் நடத்துகிறோம். கருப்பொருளை அறியாதவனுக்கு உள்ளுறை எங்கிருந்து திறக்கும்?

கபிலர் வாய்க்காலைப் பார்த்தவர். நாம் கபிலரைப் பற்றிய கட்டுரைகளைப் பார்த்தவர்கள்.

6

குறைசொல்லிவிட்டு ஒதுங்குவது எளிது. ஆகவே நான் கேட்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோபுரம்போல் அருங்காட்சியகம் வேண்டும் என்று அரசுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லவில்லை. பறவையைக் கொன்று பாடம்செய்து வைக்கவும் சொல்லவில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அது இருக்கவேண்டியதுதான். ஆக்ஸ்ஃபோர்டிலும் செத்தவை மட்டும் இல்லை. அருங்காட்சியகத்தின் கோபுரத் துளைகளில் உழவாரன் குருவிகள் கூடுகட்டுகின்றன. 1948 முதல் அவற்றை ஆண்டுதோறும் கவனித்துக் குறித்து வருகிறார்கள். நான் போன ஜூலையில் அவை கூவிக்கொண்டே கோபுரத்தைச் சுற்றிப் பறந்தன. குறிப்பேடும் பொறுமையும்தான் அதற்கு மூலதனம்.

தமிழ்த்துறை ஒவ்வொன்றிலும் ஓர் இழுப்பறை வேண்டும். குறிஞ்சிப்பாட்டுப் பூக்களிலிருந்து தொடங்கலாம். தாவரவியல் துறையிலிருந்து ஒருவரைத் துணைக்கழைத்து, பூ கிடைத்தால் தாளில் ஒட்டி, பறவையானால் நிழற்படமும் குரல்பதிவும் எடுத்து, எங்கே, எப்போது, யார் என்று சீட்டு எழுதவேண்டும். பாட்டின் எண்ணை அதில் குறிக்கவேண்டும். அந்த ஊர் ஆடு மேய்ப்பவரும் மீன்பிடிப்பவரும் அதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையும் எழுதவேண்டும், அவர்களுடைய பெயரோடு. பிறகு மூன்று சொற்களில் ஒன்றை எழுதவேண்டும்: உறுதி, ஐயம், தெரியவில்லை. மூன்றாவது சொல்லை எழுதும் துணிவு நமக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 'ஒருவகைப் பறவை' என்பது 'தெரியவில்லை' என்பதன் நாகரிகமான பொய். அந்தப் பொய்யைச் சொன்னதால்தான் என் மாணவி மேற்கொண்டு தேடாமல் உட்கார்ந்துவிட்டாள். தெரியவில்லை என்று நான் சொல்லியிருந்தால் அவள் தேடியிருக்கக்கூடும்.

என் பங்குக்கு, இந்தப் பருவத்தில் தாவரவியல் நண்பர் ஒருவரோடும் எட்டு மாணவர்களோடும் தொடங்கியிருக்கிறோம். சனிக்கிழமைகளில் போகிறோம். இதுவரை இழுப்பறையில் ஒன்பது தாள்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டின்மேல் 'ஐயம்' என்று எழுதியிருக்கிறோம். அன்றிலுக்கு ஓர் உறை போட்டு, உள்ளே ஒன்றும் வைக்காமல், மேலே 'தெரியவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன். போப் கல்லறை பற்றிய கதையை வகுப்பில் திருத்திச் சொன்னபோது ஒரு மாணவர், "அப்படியானால் எங்களுக்கு வேறு எதையெல்லாம் ஐயா தவறாகச் சொல்லியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். சினம் வந்தது, அடக்கிக்கொண்டேன். இருபதாண்டுகளில் எனக்கு வகுப்பில் கிடைத்த சரியான கேள்வி அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

செத்த பிராணிகளைப் பார்க்கப் போனதாக வருந்திய நண்பரை அடுத்த சனிக்கிழமை வாய்க்கால் கரைக்கு அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். என் கட்சி தவறென்று நினைப்பவர்கள் மறுத்து எழுதலாம். ஆனால் ஒரு வேண்டுகோள்: எழுதுமுன் 99 பூக்களில் எத்தனையைத் தங்களால் கையில் எடுத்துக் காட்டமுடியும் என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணையும் கட்டுரையின் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.